வாயும் வயிறும்

ஜூலை 2

தங்கைக்கு,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தீவுக்கு வேலைக்குப் போனவளுக்கு அக்கா ஏன் எழுத வேண்டும்? நீ போன செய்தியை எனக்குச் சொன்னது உன் அறைத்தோழி. பெட்டி கட்டிய அன்று காலையில்கூட என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தாய். வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் வீட்டிலேயே இன்னொருத்தி வாயைத் திறப்பதில்லை. ரேடியோ பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மகளுக்கு அந்தப் பெயரை வைத்த உன் அத்தான் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். அவர் கப்பல் நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி நிற்கிறது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். எல்லாரும் பத்திரம் என்றார்கள். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் அதே இரண்டு வார்த்தைதான். பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் நான் சொல்வேனே, 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று, அதே குரலில் சொல்கிறார்கள். தொழில் தெரிந்தவளுக்கு அந்தக் குரல் எப்படி வருகிறது என்று தெரியாதா?

முதலில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை என்று டீச்சர் சொன்னாள். அன்று சாயந்திரம் சாப்பிடவும் இல்லை. வாயருகே கவளத்தைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மிகவும் மரியாதையாக மறுக்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நான் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறேன். நீ சொல்லாமல் போனாய், நான் சொல்லாமல் இருந்தேன். சரிக்குச் சரி.

அவளுக்கு நீ எழுதிய கடைசிக் கடிதம் வந்த அன்றிலிருந்துதான் இப்படி. எடுத்துப் படித்தேன். வழக்கம்போல மீன். அப்பா மீன் குஞ்சுகளை விழுங்கிவிடும் என்றெல்லாம் ஆறு வயசுப் பிள்ளைக்கு எழுதுவார்களா என்று நினைத்தேன், அவ்வளவுதான். வேறு ஏதாவது அவளிடம் சொன்னாயா? எனக்குப் பதில் எழுதப் பிடிக்காவிட்டாலும் அவளுக்காக எழுது.

அக்கா


ஜூலை 6

அக்கா,

ரேஷன் படகில் உன் கடிதம் வந்தது. படகுத்துறையிலேயே நின்று படித்தேன். 'முழுகாமல்' என்ற சொல்லில் கண் பட்டதும் அத்தானின் கப்பலைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, சாக்குமூட்டைதான் பக்கத்தில் இருந்தது.

ஏன் சொல்லாமல் போனாய் என்கிறாய். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் தங்கியிருப்பேன். உன்னைவிட எனக்கு என்னைத் தெரியும்.

வர முடியுமா என்று படகோட்டியிடம் கேட்டேன். இந்தக் காற்றில் ஆளை ஏற்றக் கூடாது என்று உத்தரவாம். அவரே கரையில் கால் வைப்பதில்லை. கயிற்றில் மூட்டையை இறக்கிவிட்டு, கடிதப் பையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். போன் கோபுரம் சாய்ந்து கிடக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் நானும் சமையல்காரரும் தொட்டிகளும்தான்.

வேறு எதுவும் அவளிடம் சொல்லவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான். இங்கே ஒரு மீன் இருக்கிறது. கட்டைவிரல் நீளம், வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டை. கரையோரப் புல்லில், நீண்ட கறுப்பு முட்கள் உள்ள கடல் முள்ளெலிகளுக்கு நடுவே வாழும். ஆபத்து என்றால் முட்களுக்குள் நுழைந்துகொள்ளும். முட்டையிட்டதும் அம்மா மீன் ஒதுங்கிக்கொள்ளும். அப்பா மீன் அவற்றை வாயில் வாங்கி, பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தெரிந்துகொள்ளும் வரை வைத்திருக்கும். அதுவரை இரை எடுக்காது. உதட்டை ஒரு கோடாகத் திறந்து, தண்ணீரை உள்ளே இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் தொட்டியிலும் ஒன்று இப்போது அப்படித்தான் இருக்கிறது. சமையல்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். "வாயும் வயிறுமா இருக்கற பொம்பளைங்களைப் பார்த்திருக்கேன். வயிறு பொண்டாட்டிக்கு, வாய் புருஷனுக்குன்னு பாகம் பிரிச்சுக்கிட்ட குடும்பத்தை இப்பதான் பார்க்கறேன்" என்றார். அதையும் அவளுக்கு எழுதினேன்.

'அப்பா மீனுக்குப் பயம் வந்தா என்ன பண்ணும்?' என்று முந்தைய கடிதத்தில் கேட்டிருந்தாள். பயந்தாலும் பசி தாங்காவிட்டாலும் விழுங்கிவிடும் என்று எழுதினேன். அவள் கேட்டாள், அதுதான் பதில். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

அவள் என்னவெல்லாம் செய்யவில்லை என்றுதான் எழுதியிருக்கிறாய். என்ன செய்கிறாள் என்று எழுது அக்கா. சின்ன விஷயமாக இருந்தாலும்.

தங்கை


ஜூலை 10

என்ன செய்கிறாள் என்று எழுத வேண்டுமாம். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற பழக்கம் போகாது உனக்கு. எழுதுகிறேன். எனக்கும் இங்கே விட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. எனக்கு முந்தாநாள் உதிரம் பட்டது. அசையாமல் படுக்க வேண்டும், நிற்குமா நிற்காதா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறாள் டாக்டரம்மா. நிற்காவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

கேள். உறிஞ்சுகுழலில் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் எடுக்கிறாள். எடுத்ததில் பாதியை உதட்டிடுக்கு வழியாக மெதுவாக வெளியே விடுகிறாள். சட்டையெல்லாம் ஈரம். கன்னத்தை உப்ப வைத்துக்கொள்கிறாள். பல்லில் வீக்கமோ என்று பார்த்தார்கள், ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தபோது துடைப்பம், ஒட்டடைக்கம்பு, குடைகள் எல்லாவற்றையும் மூலையில் சாய்த்து நிறுத்தி அவற்றுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். இங்கேயும் இரண்டு குடையைக் கட்டிலில் வைத்தால்தான் தூங்குகிறாள். நர்ஸ் எடுத்துவிட்டால் உடம்பு நடுங்குகிறது. அப்போதும் சத்தம் இல்லை. சில சமயம் என் வயிற்றைத் தொட்டுவிட்டுத் தன் உதட்டைத் தொடுகிறாள். பசிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டுகிறாள்.

அவள் கடைசியாகப் பேசியது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன் என்று அந்தம்மா சத்தம் போட்டாள். "வாயும் வயிறுமா இருக்கறவ இப்படித் தூக்கலாமா?" ரேடியோ உடனே, "வாயும் வயிறுமான்னா என்ன ஆன்ட்டி?" "உங்கம்மா வயித்துல பாப்பா இருக்குடி கண்ணு. வாயும் வயிறும் ஒழுங்கா இருந்தாத்தான் பாப்பா நிக்கும்." அதற்குப் பிறகு உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான்.

நாளைக்கு மூக்கு வழியாகக் குழாய் போடப் போகிறார்கள். கையைக் காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். என்னால் எழுந்திருக்க முடியாது. தையல்காரம்மா வருகிறாள். நீ வர வேண்டிய இடம் அது.


ஜூலை 13

அக்கா,

அவை துடைப்பங்கள் இல்லை. முட்கள். அவள் முள்ளெலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். உப்பிய கன்னம், உதட்டிடுக்கில் வெளியே விடும் தண்ணீர், எல்லாம் என் தொட்டியில் நான் தினமும் பார்ப்பது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் அப்படியே செய்கிறாள்.

நாம் 'வாயும் வயிறும்' என்ற சொல்லை ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டுவிடுகிறோம். அவள் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். பாப்பா நிற்க வாயும் வயிறும் வேண்டும். வயிறு நீ. வாய் அப்பாவின் பாகம் என்று சித்தியே எழுதியிருக்கிறாள். அப்பா இல்லை. அதனால் வாயை அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் பட்டினி கிடக்கவில்லை அக்கா. உன் பிள்ளையில் தன் பங்கைச் சுமக்கிறாள். பேசினால் விழுந்துவிடும், சாப்பிட்டால் விழுங்கிவிடுவாள். நான்தான் எழுதியிருக்கிறேன், பசித்தால் விழுங்கும் என்று. அவளுக்கு இத்தனை நாளும் எப்படிப் பசித்திருக்கும்.

உடனே சொல். பாப்பா முழுதாக உன் வயிற்றில்தான் இருக்கிறது, மனிதருக்கு வாயில் எதுவும் இல்லை, அது ஒரு பேச்சு வழக்கு என்று சொல். மீன் கதை மீனுக்கு மட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

படகு கிளம்பப் போகிறது. படகோட்டி கயிற்றை இழுக்கிறார்.


ஜூலை 16

சொன்னேன்.

என் கட்டிலுக்கு அவளைத் தூக்கிவரச் சொல்லி, வயிற்றில் கையை வைக்க வைத்து, நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். தையல்காரம்மா, "நான் சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னேன்டி, என் ராசாத்தி" என்று அழுதாள். ரேடியோ முழுதும் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். தூங்காத பிள்ளையைத் தட்டுவோமே, அப்படி. உதடு அசையவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவளிடம் பொய் சொன்னதில்லை என்று பெருமையாக எழுதியிருந்தாய். நான் சொல்லியிருக்கிறேன். அப்பா நாளைக்கு வந்துவிடுவார், அப்பா போன் பண்ணினார் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அப்பா உனக்குச் சட்டை வாங்கியிருக்கிறார். அவள் காதில் நானும் ஒலிபெருக்கிதான். அம்மா சொன்னால் அது தாமதம் என்று அர்த்தம், அவ்வளவு.

குழாயை உள்ளே விட்டபோது கைகால் உதறவில்லையாம். உதட்டை மட்டும் விரலால் பொத்திக்கொண்டாளாம். நேற்றிலிருந்து காய்ச்சல். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள். எனக்கும் மறுபடி உதிரம் பட்டது. தையல்காரம்மா அதை அவள் கண்ணில் படாமல் மறைக்கப் பார்த்தாள். ரேடியோ பார்த்துவிட்டாள். கன்னத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஒன்றை யோசித்தாயா? இது நிற்காமல் போனால் யார் வாயிலிருந்து போனதாக அவள் நினைப்பாள்? ஆயுசுக்கும் நினைப்பாள்.

எனக்கு வேறு யாரும் இல்லை. உன்மேல் உள்ள கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். ஏதாவது செய்.


ஜூலை 18

அக்கா,

உன் கடிதத்தோடு தொட்டி அறையிலேயே இருந்தேன். இல்லாததை இல்லை என்று சொன்னது என் தவறு. அவளைப் பொறுத்தவரை அது இருக்கிறது. அதைப் பிடுங்க முடியாது, வாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

கீழே உள்ளதை அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். நீ படித்துக் காட்டாதே. ஒரு சின்ன உறையும் வைத்திருக்கிறேன்.

*ரேடியோவுக்குச் சித்தி எழுதுவது. நீ வாயில் வைத்திருப்பது எனக்குத் தெரியும். நன்றாக வைத்திருக்கிறாய். மாப்பிள்ளையைவிட நன்றாக. ஆனால் உனக்கு நான் ஒன்று எழுத மறந்துவிட்டேன். சின்ன மீன்கள் முட்டை வாங்காது. முட்டை பெரிது, சின்ன மீனுக்கு வாய் போதாது. வளர்ந்த மீன்தான் வாங்கும். யாரும் இல்லாததால் நீ வாங்கினாய். இப்போது நான் இருக்கிறேன். என்னிடம் கொடு. கைமாறும்போது கொஞ்ச நேரம் வெளியே இருக்கும், பயப்படாதே. முட்டைகள் மெல்லிய நூலால் ஒன்றோடு ஒன்று கட்டியிருக்கும், சிதறாது. மாப்பிள்ளையும் அப்படித்தான் வாங்கியது, நான் பார்த்தேன். இந்த உறையின் வாயில் உன் வாயை வைத்து உள்ளே விடு. அம்மா ஒட்டிவிடுவாள். படகு கொண்டுவரும். சித்திக்கு வாயைத் திறக்காமல் இருப்பது பழக்கம். அம்மாவைக் கேள், சொல்வாள்.*

இது பொய்யா என்று எனக்கே தெரியவில்லை அக்கா. நான் நிஜமாகவே வாங்கிக்கொள்ளப் போகிறேன். ஏதாவது ஆகிவிட்டால் அது என் வாயில் ஆனதாக இருக்கட்டும். அவளிடம் சொல்ல உனக்கு ஒரு ஆள் வேண்டும், அது நான். என்னைத் திட்டி உனக்குப் பழக்கம்தானே.

மாப்பிள்ளை இன்னும் வைத்திருக்கிறது. இரை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அது வாயைத் திறந்து இரை எடுத்தால் உள்ளே காலி என்று பொருள். குஞ்சுகள் நீந்திப் போகிற அளவுக்கு வளர இன்னும் நாளிருக்கிறது. கூரைத் தகரம் காற்றில் ஆடுகிறது. சமையல்காரர் கல் வைத்திருக்கிறார்.

தங்கை


ஜூலை 22

தங்கைக்கு,

உள்ளே இருக்கிற சின்ன உறையைப் பார்த்துப் பிரி. காற்றில் நின்று பிரிக்காதே. இது நான் சொல்வதில்லை, அவள் சொல்வது.

வாயால் சொன்னாள்.

உன் கடிதத்தை விரல் வைத்துப் படித்தாள். 'கைமாறும்போது' என்ற இடத்தில் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "ஆமாம்டி, உங்க சித்தி வாயில்லாப் பூச்சி. ஒரு தீவுக்குப் போறதையே அக்காகிட்டச் சொல்லாம வாயில வச்சிருந்தவ. அவகிட்டக் கொடுத்தா பத்திரமா இருக்கும்." உன்னைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள். அவற்றையே உனக்கு நற்சாட்சியாகச் சொல்ல வேண்டி வந்தது.

அப்போதும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை, ஊசியும் மாத்திரையும் எல்லாம் முடிந்த பிறகு, குடையை விரிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். குடைக்கு அடியில், உறையின் வாயைப் பிரித்துத் தன் வாயோடு பொருத்திக்கொண்டு மூச்சை விட்டாள். நிறைய நேரம் விட்டாள். அவ்வளவு மூச்சு அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் உடனே ஒட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் நசுங்கிவிடாமல் பிடித்திருந்தேன்.

வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வீட்டைக் காலி செய்த மாதிரி. பிறகு, "பாத்துப் பிரிக்கச் சொல்லும்மா. காத்துல பிரிச்சிடப் போறா." குரல் தகரம் போல இருந்தது. அடுத்தது, "சித்திக்குப் பசிக்குமில்ல?" அடுத்தது, "எனக்குப் பசிக்குது."

படுத்தபடியே சோற்றைக் குழைத்து ஊட்டினேன். மூன்றாவது வாயில் வாந்தி எடுத்தாள், நாலாவதைக் கேட்டு வாங்கினாள். தையல்காரம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். காய்ச்சல் விடவில்லை. கால் நிற்கவில்லை. ஆனால் வார்டில் எல்லாருக்கும் அவரவர் நோயைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். கப்பல் கம்பெனியில் இன்னும் அதே 'எல்லாரும் பத்திரம்'தான். நான் இப்போதெல்லாம் அவளிடம், "அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியலைடி" என்கிறேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு புரளவில்லை.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறது, குஞ்சுகளை விட்டதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். "சித்தி சொன்னா கரெக்டா இருக்கும்" என்கிறாள்.

அக்கா


ஜூலை 26

அக்கா,

வந்து சேர்ந்தது. தொட்டி அறைக்குள் போய், கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து நின்று பிரித்தேன். உறையின் வாயில் என் வாயை வைத்து வாங்கிக்கொண்டேன். சமையல்காரர் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார். "கடிதத்தையா சாப்பிடறீங்க? என் சமையல் அவ்வளவு மோசமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது உன் நற்சாட்சிக்கு இன்னொரு சாட்சி.

சித்திக்குப் பசிக்காதா என்று கேட்டாளே, பெரிய மீனுக்கு ஒரு கன்னத்தில் வைத்துக்கொண்டு மறு கன்னத்தில் சாப்பிடத் தெரியும் என்று சொல்.

நேற்று மதியம் காற்றில் கல் உருண்டு, கூரைத் தகரம் பெயர்ந்து தொட்டியின்மேல் விழுந்தது. பெரிய சத்தம். கண்ணாடி உடையவில்லை, மாப்பிள்ளைக்கு அடிபடவில்லை. தொட்டியில் உள்ள முள்ளெலியின் முட்களுக்குள் நுழைந்துகொண்டது. நான் அந்த முட்களுக்கு நடுவே குஞ்சு ஏதாவது தெரிகிறதா என்று நேற்று இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை மறுபடி பார்த்தேன்.

அவள் கேட்டால், மாப்பிள்ளை இன்று இரை எடுத்தது என்று சொல். நன்றாகச் சாப்பிட்டது, தெம்பாக இருக்கிறது என்று சொல். அது உண்மை. அதற்கு மேல் கேட்டால் சித்தி எழுதவில்லை என்று சொல். அதுவும் உண்மை. நீயும் கேட்காதே அக்கா.

காற்று தணிந்தால் அடுத்த படகில் ஆளை ஏற்றுவார்களாம். துறையில் பெட்டியோடு நிற்பேன். வந்தாலும் நான் பேசமாட்டேன், அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. உனக்குப் பிரசவம் ஆகிற வரை பேசமாட்டேன்.

அசையாமல் படு. வயிறு உன்னுடையது, பார்த்துக்கொள். வாய் என்னிடம் இருக்கிறது.

தங்கை